அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ரெடிமேட் பைலா: வாங்கலாமா?

சென்னையில் பதிவு அலுவலகங்களை ஒட்டியிருக்கும் டாக்குமென்ட் ரைட்டர் கடைகளில், குடியிருப்போர் சங்கம் தொடங்க ஒரு செட் தயாராகவே இருக்கும். அமைப்புக் குறிப்பு, பைலா என்கிற சங்க விதிமுறைகள், உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் பட்டியல், விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்தின் பெயரையும் ஏழு பேர் விவரத்தையும் கொடுத்துவிட்டால் மாலைக்குள் பிரின்ட் கைக்கு வந்துவிடும். பதிவு வாங்கித் தருகிற வேலையை இந்த செட் ஒழுங்காகவே செய்கிறது. பதிவுக்குப் பிறகு சங்கத்தை நடத்தும்போதுதான் அதன் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலில் அட்டையைப் பாருங்கள். 1994-ஆம் வருட அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் பெயர் இருந்தால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக வந்த 2022 சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அடுத்து நிர்வாகிகள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் இருவர், ஆக ஏழு பேர். இந்த ஏழு எங்கிருந்து வந்தது? 1975-ஆம் வருட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். கையெழுத்துப் போட்ட ஏழு பேரையே நிர்வாகிகளாகவும் அச்சடித்துவிடுகிறார்கள். செயற்குழுவுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது மூன்று பேரைத்தான். 12 வீடு உள்ள கட்டடத்துக்கு மூவரே போதும். மூன்று பிளாக், 150 வீடு என்றால் ஏழு பேரும் ஒரே பிளாக்கில் அமைந்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு மற்ற இரண்டு பிளாக்கின் லிஃப்ட் பழுதுக்கு யார் அலைவது? பிளாக்குக்கு இரண்டு பேர், பொதுவாக மூன்று நிர்வாகிகள், மொத்தம் ஒன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். செட்டில் எல்லோருடைய பதவிக்காலமும் ஒரே நாளில் முடியும்படி எழுதியிருப்பதுதான் சிக்கல். புதியவர்கள் வந்ததும் தீர்மான நகல், பதிவு அலுவலகத்தில் கொடுத்த நிர்வாகிகள் மாற்றப் படிவம் இரண்டையும் பார்க்காமல் வங்கி கையெழுத்தை மாற்றாது. அதுவரை செக் ஓடாது, ஆனால் இ.பி. பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் காத்திருக்காது. பாதிப் பேருக்கு ஒரு வருடம் தேர்தல், மீதிப் பேருக்கு அடுத்த வருடம் என்று பிரித்துவிட்டால், செக்கில் கையெழுத்துப் போட ஒருவராவது எப்போதும் பழைய ஆளாக இருப்பார்.

செக் விதியும் இதே ரகம்தான். ‘செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து’ என்று இருக்கும். இருவரில் ஒருவர் மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பினால் ஆறு மாதம் கணக்கு முடங்கும். ‘தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பொருளாளர்’ என்று அழகாகத் திருத்தித் தருகிற ரைட்டர்களும் உண்டு. அதுவும் அதே வம்புதான். மூவரில் எந்த இருவரும் என்று விட்டுவிடுங்கள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதியிருந்தால் உடனே அடியுங்கள். வாடகைக்கு விட்டுவிட்டு துபாயில் இருக்கும் ஓனர் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு வரப்போவதில்லை. நான்கில் ஒரு பங்கு போதும். அதுவும் சேரவில்லையென்றால் அரை மணி நேரம் கழித்து, இருப்பவர்களைக் கொண்டு நடத்தலாம், ஆனால் பைலா திருத்தமும் சந்தா உயர்வும் அந்தக் கூட்டத்தில் கூடாது என்று சேருங்கள். சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டில்லை என்ற விதி எல்லா செட்டிலும் உண்டு. எந்தத் தேதி வரையிலான பாக்கி என்பது மட்டும் இருக்காது. தேர்தலன்று காலையில் ஜிபே பண்ணிவிட்டு ஓட்டுக் கேட்டு வந்து நிற்பார்கள். கூட்ட அறிவிப்பு ஒட்டிய நாளைக் கணக்கு நாளாக வையுங்கள்.

செட்டின் படுமோசமான பகுதி துணைக்குழு. ‘தேவைப்படின் செயற்குழு துணைக்குழுக்களை அமைத்துக்கொள்ளலாம்.’ மொத்தமே இந்த ஒரு வரிதான். யார் இருக்கலாம், எத்தனை நாள், எவ்வளவு செலவழிக்கலாம், யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. உண்மையில் சங்கத்தின் அன்றாட வேலை முழுக்க நடப்பது துணைக்குழுவில்தான்.

தண்ணீர்க் குழுவை எடுத்துக்கொள்வோம். 48 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 25,920 லிட்டர். போர்வெல் வற்றிய மே மாதத்தில் தினமும் மூன்று 9,000 லிட்டர் லாரி. அதிகாலையில் வரும் லாரிக்கு ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வாட்ச்மேன். தண்ணீர் குறைவாக வந்தாலும் தெரியாது. சம்ப் எனும் தரைக்கடித் தொட்டியின் உள்சுவரில் பெயின்ட்டால் சென்டிமீட்டர் கோடு போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள சம்ப்பில் 9,000 லிட்டர் விழுந்தால் மட்டம் 50 செ.மீ. ஏற வேண்டும். 40 செ.மீ.தான் ஏறியது என்றால் வந்தது 7,200 லிட்டர். அளக்கும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரிக்காரரை வீணாகத் திட்டுவோம். முன் அளவு, பின் அளவு, லாரி நம்பர் என்று மூன்றையும் நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை பொருளாளரிடம் காட்டுவது இந்தக் குழுவின் வேலை என்று பைலாவிலேயே எழுதலாம். குழுவில் வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் சேருங்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் தண்ணீர் வராதபோது வாளியோடு நிற்பவர்கள் அவர்கள்தான்.

பராமரிப்புக் குழுவுக்குச் செலவு வரம்பு கட்டாயம். ஒரு பில்லுக்கு 10,000 ரூபாய் என்று வைத்தால், 29,400 ரூபாய் பெயின்ட் வேலை 9,800 வீதம் மூன்று பில்லாக வந்து சேரும். வேலை செய்கிற ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரு மாதத்தில் இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். அதற்கு மேல் மூன்று கொட்டேஷனும் செயற்குழுத் தீர்மானமும் வேண்டும். கணக்குச் சரிபார்ப்பவர் இருவரும் செயற்குழுவில் இல்லாதவர்களாக இருக்கட்டும். பொங்கல், கொலு வசூலுக்குத் தனி ரசீதுப் புத்தகம். மெயின்டனன்ஸ் கணக்கில் அது கலந்தால் பிரிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும்.

ஜிஎஸ்டி பற்றிப் பெரும்பாலான செட்களில் ஒரு எழுத்துக்கூட இருக்காது. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதச் சந்தாவும் 7,500 ரூபாயைத் தாண்டும்போதுதான் அந்தப் பேச்சே வரும் என்பதால், சின்னக் கட்டடங்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, 20 வீட்டுக்குக் கீழே என்றால் தாராளமாக வாங்கலாம், மேலே சொன்ன திருத்தங்களில் செக்கும் கோரமும் போதும். பெரிய கட்டடம் என்றால் செட்டை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு துணைக்குழுப் பகுதியைப் புதிதாக எழுதுங்கள். எதுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பதிவான பிறகு ஒரு வரியை மாற்றவும் பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மறுபடி பதிவு அலுவலகம் போக வேண்டும். ரைட்டரிடம் பிரின்ட்டோடு வேர்ட் ஃபைலையும் கேளுங்கள். தர மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், அங்கேயும் இதே செட்தான் இருக்கும்.