ஊட்டி மலர்க் கண்காட்சியும் படகும்: ஒரே நாளில் இரண்டும் தேறுமா?

மே மாதத்தில் கோவையிலிருந்து விடியும் முன் கிளம்பி, மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, படகிலும் ஏறி, இரவுக்குள் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்காட்சி நடக்கும் தாவரவியல் பூங்கா அந்த அலைச்சலுக்குத் தகும். சீசனில் ஊட்டி ஏரிப் படகு தகாது. படகு கட்டாயம் வேண்டுமென்றால் பைக்காரா அணைக்குப் போங்கள்.

1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய பூங்கா இது. சுமார் 55 ஏக்கர், முழுக்கச் சரிவு. கண்காட்சி 1896இல் தொடங்கியது. 2025இல் நடந்தது 127ஆவது, மே 15 முதல் 25 வரை. எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கண்ணுக்குக் கிடைப்பது மாறும். தொடக்க நாளில் அமைச்சர், அதிகாரிகள் வருகையால் உள்ளே நகர்வதே சிரமம். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள் என்பதால் நீலகிரிக்காரர்களே குடும்பத்தோடு வந்து நிறைந்துவிடுவார்கள். கடைசி நாள்களிலோ பூக்கள் களைத்திருக்கும். முதல் நான்கைந்து நாள்களுக்குள் வரும் ஒரு வார நாளைப் பிடிப்பதுதான் சரி.

பூக்கள் களைப்பதற்குக் காரணம் உண்டு. நாளிதழ்களில் படம் வருகிற பெரிய மலர் வடிவங்கள் (2025இல் சோழர் அரண்மனை) கார்னேஷன் போன்ற கொய்மலர்களைச் செருகிச் செய்தவை. ஊட்டிக் குளிரிலும் சில நாள்களில் இதழோரம் பழுப்பேறும். ஒரு கோடை மழை அடித்தால் இன்னும் சீக்கிரம். வாடியதை மாற்றுவார்கள், ஆனாலும் முதல் நாள் நிறம் வராது. உண்மையான உழைப்பு தொட்டிச் செடிகளில்தான் இருக்கிறது. மே மாதத்தில் ஒரே நேரத்தில் பூக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் முன்பே விதைத்து, நுனி கிள்ளி, வரிசைக்கு வளர்த்தவை அவை. காட்சி மாடத்தில் அடுக்கியிருக்கும் சால்வியா, பிகோனியா, சினரேரியா, டேலியா, பெட்டூனியா, லில்லியம் இவற்றை நின்று பாருங்கள். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிகள் மழைக்குத் தப்பும். திறந்த பாத்தியில் பெட்டூனியாவும் பான்சியும் முதல் மழையிலேயே குழைந்துபோகும்.

காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கீழ்ப் புல்வெளியில் மலர் வடிவத்தின் முன் செல்ஃபிக்கு நின்றுவிடுவார்கள். நீங்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். இத்தாலியன் பூங்கா, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் (கல்லாய் மாறிய மரம்) இரண்டையும் கூட்டமில்லாமல் பார்த்து இறங்கினால், மாடத்துக்கு வரும்போது ஒன்பது மணி ஆகியிருக்கும். பத்தரை வரை போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழ்ப் பகுதியோடு நின்றுகொள்வது நல்லது. நுழைவாயிலிலிருந்து உச்சி வரை நல்ல ஏற்றம் இருக்கிறது. மே மாத ஊட்டியில் காற்று சில்லென்று இருந்தாலும் வெயில் தோலைச் சுடும். தொப்பி அவசியம். மழைக்குக் குடையைவிட ரெயின்கோட் மேல், நெரிசலில் குடைக்கம்பி அடுத்தவர் கண்ணைத்தான் குத்தும்.

இனி படகு. ஊட்டி ஏரி 1824இல் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த செயற்கை ஏரி. ஊருக்குள் ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் கழிவையும் சுமந்து இதில்தான் சேர்கிறது. கரையோரம் நின்றால் மூக்கு சொல்லிவிடும். சீசனில் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, ஏறுவதற்கு இன்னொன்று. மோட்டார் படகுக்கு ஆள் கணக்கில் இல்லாமல் படகுக்குத்தான் கட்டணம். நான்கு பேர் 8 இருக்கைப் படகை எடுத்தால் காலி இருக்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள், வரிசையிலேயே இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதிபடகுக்கு முன்பணம் உண்டு. நேரம் தாண்டினால் அதில் பிடித்துக்கொள்வார்கள். காற்று எழும்பிய பிறகு மிதிபடகு ஒரு பக்கமாகவே ஒதுங்கும். ஆகவே போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். சக்கரத்தில் களை சிக்கி மிதிக்க முடியாமல் போனால் வலுக்கட்டாயமாக மிதிக்காமல் பின்பக்கமாகச் சில சுற்று சுற்றுங்கள், பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

பைக்காரா கூடலூர் சாலையில் சுமார் 20 கி.மீ. பைக்காரா ஆற்றை மறித்த அணையின் நீர், சுற்றிலும் சோலையும் புல்வெளியும். மோட்டார் படகு, ஸ்பீடு போட் இரண்டும் உண்டு. சவாரி இருபது நிமிடம் போல்தான், ஆனால் அந்த இருபது நிமிடமும் ஒரு நீர்த்தேக்கத்தில் இருக்கிறீர்கள். போகும் வழியில் பைன் காடு, சூட்டிங்மட்டம் பகுதிகளில் ஓரமாக நிறுத்திய வண்டிகளால் சாலை சுருங்கிவிடும், 20 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னிரண்டுக்குள் படகில் ஏறிவிட வேண்டும். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். திரும்பும்போது தலைக்குந்தாவில் கூகுள் மேப் கல்லட்டி வழியை (மசினகுடிக்கு இறங்கும் மலைச்சாலை) காட்டினாலும் அதில் திரும்பாதீர்கள். அந்த இறக்கத்தில் வெளிமாவட்ட வண்டிகளை விடுவதில்லை.

மலை ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பும் யோசனையை விட்டுவிடுங்கள். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி நண்பகலுக்குத்தான் ஊட்டி சேரும், கீழிறங்கும் வண்டி 2 மணிக்கு. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வார இறுதிக்கான பாஸைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வேன் பேக்கேஜில் போகிறவர்கள் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கண்காட்சிக் கட்டணம் சேர்த்தியா, படகு எந்த இடத்தில், பூங்காவில் எத்தனை மணி நேரம். ஏழு இடம் காட்டுகிறோம் என்று சொல்பவர் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் தந்தாலே அதிகம்.

சீசனில் வழக்கமாக ஒருவழிப்பாதைதான்: குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம். மேட்டுப்பாளையத்தை ஐந்து மணிக்குக் கடந்தால் ஏழுக்குப் பூங்கா வாசல். இறங்கும்போது இரண்டாம் கியரில் விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகல் வாடை வரும், பிறகு மிதி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. வாடை வந்தவுடன் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப்போகும்.

செடி வாங்குவதாக இருந்தால் பியூசியா, சினரேரியா, கிழங்குப் பிகோனியா மூன்றையும் தொடாதீர்கள். சமவெளி வெயிலில் ஒரு வாரத்தில் கருகிவிடும். பெட்டூனியா பிடித்திருந்தால் அதன் விதையை வாங்கி வைத்து, அக்டோபர் கடைசியில் விதையுங்கள்.