அப்பாவின் விரலுக்கு ஏற்ற மியூசிக் பிளேயர்

பார்வை மங்கத் தொடங்கியதும் அப்பா முதலில் செய்தித்தாளை விட்டார், அடுத்து போனில் பாட்டுக் கேட்பதை விட்டார். இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேசட் காலத்தில் இருட்டிலேயே பட்டனைத் தடவி, சரியாகப் பல்லவி தொடங்கும் இடத்துக்கு ரீவைண்ட் செய்தவர் அவர். போனின் வழவழப்பான கண்ணாடியில் விரலுக்குப் பிடிபட ஒன்றுமே இல்லை. நடுவில் அழைப்பு வந்துவிட்டால், விட்ட பாட்டைத் தேடித் தர யாரையாவது கூப்பிட வேண்டும்.

செலவழிக்க என்னிடம் அதிகம் இல்லை. அதனால் பெட்டியில் எழுதியிருந்த வசதிகளை எண்ணிப் பார்த்து முதல் பிளேயரை வாங்கினேன். வீடியோ, எப்எம், மின்நூல், விளையாட்டு என்று எல்லாம் இருந்தது. ஆனால் பட்டன் போலத் தெரிந்தவை அனைத்தும் தொட்டாலே வேலை செய்யும் வெறும் குறிகள். தடவிப் பார்த்து இயக்குகிறவருக்கு இதைப் போல ஆகாத அமைப்பு வேறில்லை. தேடுகிற விரல் பட்டதுமே பாட்டு மாறிவிடும். வீடியோவும் சும்மா பெயருக்குத்தான்: எல்லாவற்றையும் ஏஎம்வி என்ற வடிவத்துக்கு மாற்றினால் மட்டுமே ஓடும். ஒரு மாதத்தில் அது மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது.

இரண்டாவது முறை விரலை மட்டும் மனதில் வைத்துத் தேடினேன். இப்போது அப்பாவிடம் இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான, ஐந்து பட்டன் கொண்ட சாதாரண பிளேயர். இந்த வகை ஒரே மாதிரியான உடம்போடு பல பெயர்களில் வருகிறது. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குவதைவிட எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று சொல்வதுதான் உதவும்.

பட்டன்கள் மேலெழும்பி, அழுத்தினால் 'டிக்' என்று அடங்க வேண்டும். நடுப் பட்டன் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். அப்பாவின் பிளேயரில் அது சற்றே குழிந்திருக்கிறது. கட்டைவிரல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் மேல், கீழ், முன், பின் எல்லாம் தானாகப் பிடிபடுகிறது. அணைத்துவிட்டுத் திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மணி நேரக் கதை கேட்பவருக்கு இது இல்லையென்றால் பிளேயரே பயனில்லை.

நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒலி அளவில் வந்தது. ஒன்றாம் படியிலேயே இரவு நேரத்துக்குச் சத்தம் அதிகம். சின்ன பிளேயர்களில் படிகள் பெரிது பெரிதாக இருக்கும். எளிதில் ஒலிக்கும் இயர்போனை மாட்டினால் அது இன்னும் உறைக்கும், அடியில் மெல்லிய இரைச்சலும் கேட்கும். இதற்கு எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. பாட்டை மறுபடி சுருக்காமல், தரம் குறையாமல், 1.5 டெசிபல் கணக்கில் ஒலியை ஏற்றி இறக்குகிறது. எல்லாப் பாட்டுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். பழைய பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, அடுத்து வரும் புதுப் பாட்டு காதைக் கிழிப்பதும் அத்தோடு நின்றது.

வரிசையும் ஒரு வாரம் படுத்தியது. 01, 02 என்று எண் போட்டிருந்தும் பாட்டுகள் கண்டபடி வந்தன. மெமரி கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில்தான் இந்த பிளேயர் வாசிக்கிறது, பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றினேன், சரியாகிவிட்டது. கோப்புப் பெயர்களைத் தமிழில் வைத்தால் பல மலிவு பிளேயர்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், சிலவற்றில் வெறும் கட்டங்கள் வரும். அப்பா திரையைப் பார்ப்பதில்லை என்பதால் நான் எண்களோடு விட்டுவிட்டேன். உங்களுக்குத் திரை முக்கியம் என்றால் வாங்கும் முன் ஒரு 'கொ', ஒரு 'பொ' காட்டச் சொல்லுங்கள்.

கொள்ளளவுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. 32 ஜிபி கார்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு பாட்டு அடங்கும். தரம் குறைக்காமல் சேமிக்கும் ப்ளாக் (FLAC) வடிவத்தில் அதே பாட்டு ஏறக்குறைய 30 எம்பி பிடிக்கும். இந்த பிளேயரிலும் கூட வந்த இயர்போனிலும் எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. மிச்சமாகும் காசைக் காதில் நன்றாக உட்காரும் இயர்போனில் போடுங்கள். கார்டு வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பிப் பார்த்துவிடுங்கள். போலிக் கார்டு பெரிய அளவைக் காட்டிவிட்டுப் பாதியிலேயே பாட்டுகளைக் கெடுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. சார்ஜ் ஏற்றும் துளை டைப்-சி. ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளை மாட்டினால் ஏறாது. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளைச் செலவு மிச்சப்படுத்த விட்டுவிடுகிறார்கள், அதனால் சார்ஜருக்கு எதிரில் ஒரு கருவி இருப்பதே தெரிவதில்லை. பழைய அகல முனை கொண்ட கேபிள் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தொடர்ந்து ஓட வேண்டிய கச்சேரிப் பதிவில் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை வினாடி மௌனம் விழுகிறது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ராக்பாக்ஸ் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. சான்சா கிளிப் பிளஸ் போன்ற பழைய பிளேயர்களில் ஏற்றலாம். இடைவெளி விடாமல் வாசிக்கும், பட்டியலில் நகரும்போது பெயரைக் குரலால் சொல்லும். பார்வை குறைந்தவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் அந்த பிளேயர்கள் பழையதாகத்தான் கிடைக்கும், பேட்டரி தேய்ந்திருக்கும். மாற்றத் தெரிந்தவர்கள் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

அந்தக் குரல் வசதியைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு போல்டரிலும் முதல் கோப்பாக மூன்று வினாடி என் குரலைப் பதிந்து வைத்தேன்: "இது பழைய பாட்டு", "இது வயலின்", "இது கதை". போல்டர் மாற்ற மூன்று அழுத்தம்: பின், கீழ், நடு. முதல் நாளே அப்பா பழகிவிட்டார்.

இப்போது தினம் இரண்டு மணி நேரம் கேட்கிறார், வாரம் ஒருமுறை சார்ஜ் போதுகிறது. போன வாரம் பிளேயரை என்னிடம் நீட்டி, "புல்லாங்குழல் ஒண்ணு சேர்த்துடு, அப்புறம் இதுல கொஞ்சம் மெதுவா பேசு, அவசரமா சொல்ற" என்றார். நான்கையும் மறுபடி பதிந்து கொடுத்தேன்.