பெஸ்தாரி ஜெயா சர்வே வகுப்பு: செம்பனைக்குள் நடக்கும் பாடம் தேறும், வாசல் பதாகை தேறாது

மலேசியாவின் சிலாங்கூரில், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் ஊரில் வாய்க்கு வருவது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே ஒரு கைத்தொலைபேசிக் கடைக்கு மேல்மாடியில் வார இறுதிகளில் நடக்கும் நில அளவைப் பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு இது. பத்து வார இறுதி, 1,800 வெள்ளி, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதாவது ஒரு சர்வே கம்பெனியில் செயின்மேனாக, அதாவது கள உதவியாளாக, பிரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பிடிப்பவர்கள். மீதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பள்ளி முடித்து வேலை தேடும் பிள்ளைகள். வகுப்பு தமிழில் நடக்கிறது, எழுதுவதெல்லாம் மலாயில். இது நல்ல ஏற்பாடு. படிவம், தேர்வு, பெலான் அக்குய் (சான்றளித்த மனை வரைபடம்) எல்லாமே மலாயில்தான் கையில் வரும். 'பேரிங்' (திசைக்கோணம்), 'ஜாராக்' (தூரம்), 'பத்து செம்பாடான்' (எல்லைக்கல்) என்ற சொற்கள் முதல் நாளிலிருந்தே பழகிவிடுகின்றன.

இந்த வகுப்பின் பலம் களம். ஆறு நாள் களப்பயிற்சியில் நான்கு நாள் செம்பனைக்குள் (பாமாயில் மரத் தோட்டத்துக்குள்). பல இடங்களில் பள்ளித் திடலில் நாலு முளை அடித்து, நாலு கோணம் பார்த்து, கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திடலில் எல்லாம் நேராகத் தெரியும். வேலைக்குப் போகும் இடத்தில் அப்படித் தெரியாது. 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம் நிற்கும். வரிசையோடு பார்த்தால் பார்வை நூறு மீட்டர் ஓடும். வரிசையை விட்டுக் கொஞ்சம் திரும்பினால் இரண்டாவது மரத்திலேயே மட்டை மறைக்கும். ஸ்டேஷனை (கருவி நிற்கும் புள்ளியை) எங்கே வைப்பது என்று முடிவு செய்வதே பாதி வேலை. இங்கே அதை மாணவர்களிடமே விடுகிறார்கள். தப்பான இடத்தைப் பிடித்தால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடக்கவும் விடுகிறார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917ல் நடந்த தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரம்தான். செம்பனைக்குள் சர்வே பழக இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

பயிற்சி ஐந்து ஸ்டேஷன் கொண்ட மூடிய டிராவர்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக அளந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புவது. உட்கோணங்களின் கூட்டு 540 டிகிரி வரவேண்டும். ஒவ்வொரு கோணத்தையும் தொலைநோக்கியைப் புரட்டி இடமுகம், வலமுகம் இரண்டிலும் எடுக்க வைக்கிறார்கள். சுற்று முடிந்ததும் பேக்சைட்டை (முதலில் குறிபார்த்த பின்புள்ளியை) திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். அது நகர்ந்திருந்தால் அந்தச் சுற்று முழுவதும் ரத்து. நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் முக்காலிதான். வரிசைகளுக்கு நடுவே வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல்மேல் கால் ஊன்றினால் ஆள் சுற்றி நடக்கும்போதே அது அமுங்கும். மட்டையை ஒதுக்கிவிட்டு, மண் தெரிந்த பிறகு மிதித்து ஊன்ற வேண்டும். ஃபீல்ட் புக்கில் ரப்பர் போட்டு அழித்தால் அந்தப் பக்கத்தையே ஏற்பதில்லை. தப்பான எண்ணை ஒரு கோட்டால் அடித்து மேலே சரியானதை எழுதவேண்டும். கண்டிப்பாகத் தெரியும், ஆனால் அளவைத் தகராறு என்று வந்தால் கடைசியில் பேசுவது அந்தப் புத்தகம்தான்.

குறை கருவியில் தொடங்குகிறது. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் இரண்டு இருக்கிறது. பிரிசங்கள் வெவ்வேறு கம்பெனியுடையவை, லேபிளும் தேய்ந்துபோனவை. பிரிசத்துக்கு ஒரு மாறிலி, அதாவது அளந்த தூரத்தில் சேர்க்கவேண்டிய திருத்தம், உண்டு. சில கம்பெனிகளின் பெரிய பிரிசத்துக்கு -30 மில்லிமீட்டர், வேறு சிலவற்றுக்குச் சுழி, மினி பிரிசத்துக்கு இன்னொரு எண். கருவியில் ஒன்று, கோலில் வேறொன்று என்றால் ஒவ்வொரு தூரத்திலும் அதே 30 மில்லிமீட்டர் ஏறும். இதில் ஒரு பொறி இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லித்தருவதில்லை. நான்கு பக்கமும் 100 மீட்டர் உள்ள சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் 100.030 என்று வந்தாலும் டிராவர்ஸ் அழகாக மூடும், பிழை சுழி. பரப்பளவு மட்டும் 10,000 சதுர மீட்டருக்குப் பதில் 10,006 ஆகிவிடும். பக்கங்கள் ஒழுங்கில்லாத மனையில் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும், ஆனாலும் முழுப் பிழையும் வெளியே வராது. 'குளோஸ் ஆயிடுச்சு, சரிதான்' என்று கையெழுத்துப் போடுகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதற்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று போதும். ஒரே கோட்டில் மூன்று புள்ளி. முதல் புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு 40.030, நடுவிலிருந்து கடைசிக்கு 60.030, முதலிலிருந்து கடைசிக்கு நேராக 100.030. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 0.030. அதுதான் திருத்தாமல் விட்ட மாறிலி. காலையில் பெட்டியைத் திறந்ததும் செய்யவேண்டிய வேலை இது. கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், அதன் தேதி கடந்துவிட்டது. ஜூபெமின் (நாட்டின் நில அளவைத் துறை) இ.டி.எம். (மின்னணுத் தூர அளவி) சோதனைத் தளம் என்று ஒன்று இருப்பதையே மாணவர்கள் கேள்விப்படாமல் படிப்பை முடிக்கிறார்கள். வெப்பநிலையைக் கருவியில் பதிவதும் பேருக்குத்தான் நடக்கிறது. 10 டிகிரி தப்பாகப் போட்டால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் போகும். சின்ன மனையில் அது தொலையட்டும், தோட்டத்து எல்லையில் அப்படி விட முடியாது.

ஜி.என்.எஸ்.எஸ். (செயற்கைக்கோள் வழி இடமறிதல்) பாடம் ஒரு நாள். ஜூபெமின் மைஆர்டிகேநெட் நிலையங்களின் திருத்தம் கைத்தொலைபேசி டேட்டா வழியாக வரும். சாலையில் நின்றால் 'ஃபிக்ஸ்' (உறுதியான துல்லிய இடம்) சில வினாடியில் வருகிறது. மரத்தடியில் 'ஃப்ளோட்'டிலேயே (உறுதியாகாத நிலையிலேயே) தொங்குகிறது. அங்கே வந்துவிடும் ஃபிக்ஸையும் நம்பக்கூடாது, மட்டையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் பொய் ஃபிக்ஸ் வரும். இதைப் பயிற்றுநர் நேரில் காட்டுகிறார், அதற்கே தனியாக ஒரு பாராட்டு. அவர் சொல்லும் முறையும் சரியானது: திறந்த தோட்டச் சாலையில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விட்டு, கருவியை அணைத்துப் போட்டு இரண்டு தடவை எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனோடு உள்ளே போவது. விடுபடுவது ஆயத்தொலைவுப் பாடம். நாடு முழுதுக்குமான ஜி.டி.எம்.2000 ஆயத்தொலைவிலிருந்து மாநில நில அளவைக்கான காசினி ஆயத்தொலைவுக்கு மாற்றுவதை மென்பொருள் பட்டனோடு முடித்துவிடுகிறார்கள். காசினித் தொடக்கப்புள்ளி பெரும்பாலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதும், பழைய பெலானின் எண்களும் புதிய காசினி எண்களும் ஒன்றல்ல என்பதும் ஒரு மணி நேரமாவது பேசவேண்டிய விஷயம். சிலாங்கூர்-பேராக் எல்லைப்பக்கம் வேலை செய்யப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

லெவலிங் (உயர வித்தியாசம் அளப்பது) பரவாயில்லை. இந்தப் பக்கத்து இளகிய மண்ணில் ஸ்டாஃப் (அளவுகோல்) அடியில் இரும்புத் தட்டு இல்லாமல் திருப்புப்புள்ளி (கருவியை இடம் மாற்றும்போது கோல் நிற்கும் புள்ளி) எடுக்கவே விடுவதில்லை. முன்னும் பின்னும் சம தூரம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கடைசி வாரத்தில் நுழைத்திருக்கும் குவாண்டிட்டி சர்வே (கட்டுமான அளவுக் கணக்கு) அறிமுகம் வீண். டிமென்ஷன் பேப்பரில் ஒரு சுவரைக்கூடக் கையால் எடுக்க வைக்காமல் நேரே மென்பொருளுக்குப் போகிறார்கள். 4.5க்கு 3 மீட்டர் சுவரில் 0.9க்கு 2.1 கதவைக் கழித்தால் 11.61 சதுர மீட்டர் என்று எழுதத் தெரியாதவருக்கு மென்பொருள் தரும் எண் தப்பு என்று எப்படித் தெரியும்?

1,800 வெள்ளிக்கு உண்மையான மதிப்பு இருப்பது வேறொரு இடத்தில்: பி.பி.தி. கோப்புத் தயாரிப்பு. பி.பி.தி. என்றால் முன்பெற்ற திறனுக்கு அங்கீகாரம். ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) வழியாக எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) பெற மூன்று வழி: அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படிப்பது, எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி, இதில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும். மூன்றாவது இந்த பி.பி.தி. ஏழெட்டு வருடம் பிரிசம் பிடித்து, பிறகு கருவியும் பார்த்து, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் இருக்கும் செயின்மேனுக்கு இந்த மூன்றாவது வழிதான் ஒத்துவரும். வேலைத்திறன் தரநிலையின் ஒவ்வொரு திறன் அலகுக்கும் 'இதை நான் செய்தேன்' என்று சான்று காட்டவேண்டும்.

கோப்புகள் திரும்பி வருவதற்கான காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். படத்தில் கருவி இருக்கும், கருவியைத் தொடுகிற ஆள் இருக்கமாட்டார். தேதி இருக்காது. பத்துச் சான்றும் ஒரே வேலையிலிருந்து எடுத்ததாக இருக்கும். மேற்பார்வையாளர் கடிதம் கம்பெனி தலைப்புத்தாளில் இல்லாமல், 'நல்ல பையன், நேரத்துக்கு வருவான்' என்று இருக்கும். அது நடத்தைச் சான்று, திறன் சான்று ஆகாது. எந்தக் கருவி, எந்த வேலை, எவ்வளவு காலம், யார் சரிபார்த்தார் என்று கடிதம் சொல்லவேண்டும். வாடிக்கையாளரின் லாட் எண்ணை (மனை எண்ணை) மறைக்காமல் ஒட்டினால் கம்பெனியே கோப்பைத் தடுக்கும். இந்த நிலையத்தில் ஒவ்வொருவர் கோப்பையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் பென்சிலால் குறித்துத் தருகிறார்கள். எஸ்.கே.எம்.முக்குக் கோர் அபிலிட்டி (பொது வேலைத்திறன் பாடம்) தனியாகத் தேறவேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். களம் தேறி இதில் தொங்குகிறவர்கள் நிறைய.

இனி வாசல் பதாகை. 'இரண்டே வருடத்தில் சர்வேயர்!' என்று எழுதியிருக்கிறது. இது தவறு, பணம் கட்டுகிறவருக்கு ஆபத்தான தவறும்கூட. சர்வேயர் என்பது இங்கே ஒரே தொழில் அல்ல. மனை எல்லையை அளந்து பட்டாவுக்குப் பெலான் தருவது 1958ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டத்துக்குள் வரும். குவாண்டிட்டி சர்வேக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து மதிப்பீட்டுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனிப் பதிவு. எஸ்.கே.எம். மூன்றாம் நிலை இவற்றில் எதற்குள்ளும் உங்களைக் கொண்டுபோய் உட்காரவைக்காது. அது தொழில்நுட்பரின் படி. அந்தப் படி மதிப்புள்ளது. ஆனால் அதன் பெயர் வேறு.

மேலே ஏற வழி உண்டு, அது நீளமானது. எஸ்.கே.எம். 3க்குப் பிறகு நான்காம் நிலை டி.கே.எம். (திறன் டிப்ளோமா), ஐந்தாம் நிலை டி.எல்.கே.எம். (மேம்பட்ட டிப்ளோமா) உண்டு. அல்லது எப்பல் வழியாக, வேலை அனுபவத்தைக் காட்டி 20 வயதில் டிப்ளோமாவுக்கோ 21 வயதில் பட்டப்படிப்புக்கோ நுழையலாம். உரிமம்வரை போக நினைப்பவர் பட்டப்படிப்பில் சேருமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பட்டத்தை நில அளவையாளர் வாரியம் ஏற்கிறதா? எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் வேறு, வாரியத்தின் ஏற்பு வேறு. அதற்குப் பிறகும் உரிமம் பெற்றவர் ஒருவரிடம் பயிற்சிக் காலம், வாரியத் தேர்வு என்று இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் இந்த முழு ஏணியையும் வரைந்து மாட்டினால் பதாகைக்கு வேலையே இருக்காது.

900 வெள்ளிக்குத் தனியாக விற்கும் 'லண்டன் பேக்கேஜ்' வேண்டாம். ஆர்.ஐ.சி.எஸ். 1868ல் லண்டனில் தொடங்கிய சர்வேயர் சங்கம், மதிப்புள்ளது, இங்கேயும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உறுப்பினராகச் சேர அதன் ஏ.பி.சி. மதிப்பீட்டில் 3,000 சொல் அளவில் செய்த வேலையைப் பற்றிய ஆய்வு, அதைப் பற்றிப் பத்து நிமிட விளக்கம், மொத்தம் ஒரு மணி நேர நேர்காணல் உண்டு. இதற்கான சரக்கு வேலையிடத்தில் வருடக்கணக்கில் சேரவேண்டியது. நாலு சனிக்கிழமையில் யாராலும் விற்க முடியாது. அந்தப் பட்டம் கிடைத்தாலும் இங்கே எல்லைக்கல்லுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை அதனால் வராது. கவுண்டரில் இதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

சேரப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஜே.பி.கே. அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள தரநிலைக் குறியீடும், நிலையும், காலாவதித் தேதியும் உங்களுக்குச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்பெனி பணம் தரும் என்றால் எச்.ஆர்.டி. கார்ப் (முதலாளிகள் கட்டும் லெவியிலிருந்து பயிற்சிக்குப் பணம் தரும் அமைப்பு) விண்ணப்பம் வகுப்பு தொடங்குமுன்பே ஒப்புதல் ஆகியிருக்கவேண்டும், முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. சிறுவர்த்தகர்கள் பலர் லெவி கட்டுவதே இல்லை, அதையும் முதலாளியிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்பதும் முக்கியம்: ஆறு வரை சரி, பத்துக்கு மேல் போனால் பாதிப் பேர் நிழலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். சனிக்கிழமைக் குழுவைவிட ஞாயிற்றுக்கிழமைக் குழு சின்னது.

ரப்பர் பூட்ஸ் சொந்தமாகக் கொண்டுபோங்கள். அங்கே அடுக்கி வைத்திருப்பதெல்லாம் பத்தாம் நம்பர்.