ஜேஎஸ்பியா, தைம்லீஃபா: நான் தைம்லீஃபை எடுத்த காரணம்

சர்வரிலேயே பக்கத்தைக் கட்டி அனுப்பும் ஜாவா அப்ளிகேஷன் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியபோது, டெம்ப்ளேட்டுக்கு, அதாவது தரவைப் பொருத்திப் பக்கமாக்கும் அச்சுக் கோப்புக்கு, எங்கள் குழுவின் முன் இருந்தவை இரண்டு: 1999இலிருந்து இருந்துவரும் ஜேஎஸ்பி, 2011இல் வந்த தைம்லீஃப். தைம்லீஃபை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

லூப், நிபந்தனை, பொதுவான மேல்பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து எல்லாப் பக்கத்திலும் சேர்ப்பது எல்லாம் இரண்டிலும் நன்றாகவே நடக்கும். ஜேஎஸ்பிக்குள் ஜாவா நிரலைத் திணித்துவிடுவார்கள் என்பது பழைய குறை. லூப், நிபந்தனை போன்றவற்றுக்கான ஆயத்த டேக்குகளின் தொகுப்பான ஜேஎஸ்டிஎல் வந்த பிறகு அதற்குத் தேவையே இல்லை. தைம்லீஃப் கோப்பைச் சர்வர் இல்லாமலே பிரவுசரில் திறந்து பார்க்கலாம். வடிவமைப்பவருக்கு அது வசதி. ஜாவா அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டில், எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த ஜார் கோப்பாகக் கட்டி ஓட்டுவதானால் ஜேஎஸ்பி சரிவராது, வெப் அப்ளிகேஷனுக்கே உரிய வார் கோப்பாகக் கட்ட வேண்டும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு: பயனர் எழுதியதைப் பக்கத்தில் காட்டும் இடம்.

பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை எழுதிச் சேமிக்கிறார் என்று வையுங்கள். ஜேஎஸ்பியில் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு அந்தப் பெயரைக் காட்டினால், எழுதியது எழுதியபடியே பக்கத்தில் இறங்கும். பார்ப்பவரின் பிரவுசரில் அது ஓடும். ஜேஎஸ்டிஎல்லில் உள்ள சி-அவுட் டேக்குக்குள் வைத்தால் கோண அடைப்புகள் வெறும் எழுத்தாகிவிடும், ஆபத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அதை நினைவாக எழுத வேண்டும். தைம்லீஃபில் டிஎச்-டெக்ஸ்ட் என்று சாதாரணமாக எழுதினாலே மாற்றித்தான் காட்டும். மாற்றாமல் வேண்டுமென்றால் டிஎச்-யூடெக்ஸ்ட் என்று தெரிந்தே எழுத வேண்டும்.

ஆண்டுகள் போகப்போகத்தான் இதன் அருமை தெரியும். ஆட்கள் மாறுவார்கள், அவசரத்தில் பக்கங்கள் கூடும். அப்புறம் ஒருநாள் பாதுகாப்பைச் சரிபார்க்க உட்காரும்போது, ஜேஎஸ்பியில் டாலர் குறி வரும் ஒவ்வொரு வரியையும் பார்த்தாக வேண்டும்: இது ஏற்கெனவே சி-அவுட்டுக்குள் இருக்கிறதா, வெறும் எண்ணா, பயனர் எழுதியதா? தைம்லீஃபில் யூடெக்ஸ்ட் என்று தேடினால் போதும், கூடவே அதன் சுருக்க வடிவமான சதுர அடைப்புக்குள் வளைவு அடைப்பு. பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிதாக வந்தவர் ஒன்றும் தெரியாமல் எழுதினாலும் பாதுகாப்பான பக்கமே விழுகிறது.

ஸ்கிரிப்டுக்குள் மதிப்பைப் போடும் இடத்தில் சி-அவுட் போதாது, அது எச்டிஎம்எல்லுக்கானது. தைம்லீஃபில் அந்த ஸ்கிரிப்ட் டேக்கில் டிஎச்-இன்லைன் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று கொடுத்துவிட்டால், மேற்கோள் குறி உட்பட முறையாகப் போட்டுத் தரும். அதற்காக எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. பயனர் கொடுத்த முகவரியை இணைப்பாகக் காட்டும்போது அது எச்டிடிபி என்றுதான் தொடங்குகிறதா என்று இரண்டிலும் நாமே சோதிக்க வேண்டும்.

தைம்லீஃபில் சிரமமும் உண்டு. ஸ்பிரிங்கோடு ஓடும்போது, மதிப்பே இல்லாத ‘நல்’ (null) ஆக இருக்கும் ஒன்றின் பண்பைக் கேட்டால் பக்கம் முழுவதும் பிழையாகிவிடும். ஜேஎஸ்பி அந்த இடத்தைக் காலியாக விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது, இப்போது பிழை உடனே கண்ணில் படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேகத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜேஎஸ்பி சர்வ்லெட்டாக, அதாவது சர்வரில் ஓடும் ஜாவா கிளாஸாக, கம்பைல் ஆகிறது, ஆகவே கணக்குப்படி அதற்குச் சாதகம். நான் ஓட்டியவற்றில் நேரத்தைத் தின்றது டேட்டாபேஸ்தான். கடும் நெரிசலில் இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஜேஎஸ்பி பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தால், அத்தனையையும் மாற்றி எழுதச் சொல்லமாட்டேன். பயனர் எழுத்து வெளியே வரும் வரிகளை முதலில் சி-அவுட்டுக்குள் கொண்டுவாருங்கள், புதிய பகுதியைத் தைம்லீஃபில் தொடங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.