ஒயின் விக்க ஏஐ: எழுத வைக்கிறதா, கஸ்டமர் லிஸ்ட்டை அலச விடுறதா?

நான் காட்பாடில உக்காந்துகிட்டு நாசிக் பக்கம் இருக்கற ஒரு சின்ன ஒயினரிக்கு மார்க்கெட்டிங் வேலை பாக்குறேன். ஏஐக்கு காசு குடுக்கறதா இருந்தா எதுக்கு குடுக்கலாம்னு ஓனர் கேட்டாரு, ரெண்டையும் ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பாத்துட்டுதான் இதை எழுதறேன்.

எழுதற ஏஐ ஸ்பீடுல செம. இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூணுலயும் பத்து நிமிஷத்துல மெயில் ரெடி. ஆனா ருசின்னு வந்தா கவுத்துடும். செனின் பிளாங்க்ங்கற வெள்ளை ஒயினுக்கு ஒரு குறிப்பு கேட்டேன், ஓக் பீப்பாய்ல ஊறுன வெனிலா வாசனைன்னு எழுதிக் குடுத்துச்சு, அந்த ஒயின் முழுக்க ஸ்டீல் டேங்க்ல செஞ்சது, பீப்பாய்ங்கற பேச்சுக்கே எடம் இல்ல, நானும் சரியா படிக்காம அனுப்பிட்டேன், பிரிண்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒயின் செய்யறவரு பாத்து நிறுத்துனாரு. அதே மாதிரி ஆம்பூர் பிரியாணிக்கு எது சேரும்னு கேட்டா கெட்டியான ரெட் ஒயின்னு சொல்லுது. காரத்தோட ரெட் ஒயினோட துவர்ப்பு சேந்தா நாக்கு இன்னும் எரியும், பிரியாணிக்கு தொட்டுக்க எண்ணெய் கத்திரிக்காய் வேற இருக்கும், அதுக்கு லேசா இனிப்பு இருக்கற செனின் ஜில்லுனு இருந்தாதான் சரி. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்ல செஞ்சத சாப்பிட்டு வளந்தவங்களுக்கு இதை சொல்லவே வேணாம்.

லிஸ்ட்டை அலசறது வேற கதை. நம்ம நாட்டுல டிவில மது விளம்பரம் கூடாது, 1994 கேபிள் டிவி விதியே அப்படித்தான். அதனால ஒயினரில ருசி பாக்கற டேஸ்டிங் ரூமுக்கு வந்து போனவங்க விட்டுட்டுப் போற மெயில் ஐடிதான் சின்ன ஒயினரிக்கு சொத்து. யாரு எதை வாங்குனாங்க, எப்ப நிறுத்துனாங்கன்னு ஏஐ பிரிச்சுக் குடுத்தா ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் நடக்கற திராட்சை அறுவடைக்கு எந்த கஸ்டமரை கூப்பிடணும்னு தெளிவா தெரிஞ்சுடும். ஒரே ஆளு மூணு ஸ்பெல்லிங்ல இருந்தா மட்டும் மொத்தமும் கொழம்பிடும், அதை சரி பண்ணவே எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. ஃப்ரீ டூல்ல கஸ்டமர் போன் நம்பரை ஏத்தவே ஏத்தாதீங்க, 2023லயே டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்தாச்சு.

விவினோ மாதிரி லேபிளை போட்டோ எடுத்து ரேட்டிங் பாக்கற ஆப்பும் இருக்கு, ஆனா ரேட்டிங் போட்டவங்க கம்மியா இருக்கற சின்ன பேரு அதுல கண்ணுலயே படாது.

என்னைக் கேட்டா காசு லிஸ்ட்டுக்குத்தான். எழுத்துக்கு ஃப்ரீயா கெடைக்கறதே போதும், அதுவும் ஒயின் செஞ்சவரு வாயால நாலு வரி வாங்கி அதை உள்ள போட்டாதான். இப்போ டேங்க்கா பீப்பாயாங்கறதுதான் நான் அவருகிட்ட கேக்கற மொதல் கேள்வி.