ஐந்து ரோடு தோல் கிளினிக், அங்குள்ள நர்ஸ் அக்கா

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு சலூனில் "அப்புறம் வாங்க" என்று சொல்லி நாற்காலியில் உட்காரவே விடவில்லை. அதிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

ஐந்து ரோடு பக்கம் உள்ள இந்த கிளினிக்கில் வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் நிற்க வேண்டும். டாக்டர் நல்லவர். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நர்ஸ் அக்காவுக்காக.

முதல் நாளே என் முழங்கையை வெறும் கையால் பிடித்து வாசலின் தடவிக் காட்டினார். குளித்ததும் ஈரம் காய்வதற்குள், முடி படியும் திசையில், அழுத்தித் தேய்க்காமல். செதிலைப் பிய்த்தால் காயம் பட்ட இடத்திலேயே புதிதாகக் கிளம்புமாம். "இது யாருக்கும் ஒட்டாது தம்பி. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலை அவசரப்படுத்துது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் நாலஞ்சு நாள்ல வளந்துடுது" என்றார். அப்புறம், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, நான் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார்.

ஒரே குறை, மதியம் ஒரு மணிக்கே மூடிவிடுகிறார்கள். அரை நாள் கூலி போகிறது. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் பெரியவருக்கு இன்னும் சிரமம். மலைக்குளிரில் அவருக்குத் தோல் வெடித்துவிடுகிறது. சாயங்காலமும் திறந்தால் புண்ணியமாகப் போகும்.

போன திங்கள்கிழமை அரைக்கைச் சட்டையில் போனேன்.