பழங்காநத்தத்தில் ஒரு முதியோர் பகல்நேர மையம்: வேலைக்குப் போகிறவர்களின் பார்வையில்

மதுரை பழங்காநத்தத்தில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தப்படும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் என் தந்தையைச் சேர்த்து ஓராண்டுக்கு மேலாகிறது. மறதி நோய் கண்ட அவரை வீட்டில் தனியே விட்டுவிட்டு நானும் என் மனைவியும் வேலைக்குப் போக முடியாத நிலை வந்தபோது தேடிப் பிடித்த இடம் அது. மையத்தின் தரத்தை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். இத்தகைய சேவை ஒரு குடும்பத்துக்குப் பயன்படுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் குடும்பத்தார் வேலை பார்க்கும் நிறுவனமே என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

மையம் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படுகிறது, ஞாயிறு விடுமுறை. ஒரு நாளைக்கு 400 ரூபாய் வாங்குகிறார்கள். மதியச் சாப்பாடும் இரண்டு வேளைத் தேநீரும் அதில் அடக்கம். வீட்டோடு ஆள் வைத்திருந்தபோது நாங்கள் கொடுத்ததில் ஏறக்குறையப் பாதி இது. வாசலில் சக்கர நாற்காலி ஏறும்படி சரிவு அமைத்திருக்கிறார்கள். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும், ஈரத்திலும் வழுக்காத தரையும் உண்டு. பல் இல்லாதவர்களுக்குச் சோற்றைக் குழைய மசித்துக் கொடுப்பதோடு, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தட்டைத் தனியாகவே வைத்துப் பரிமாறுகிறார்கள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவர்களையும் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டிய செவிலியர் வசதி தங்களிடம் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் அதை நான் குறையாகக் கருதவில்லை.

என் மனத்தைத் தொட்டது அவர்கள் எழுதும் நோட்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டு. மாலையில் அழைத்துப் போக வருபவரிடம் அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். "11.30 மோர் குடித்தார். 2 மணிக்குப் படுத்தார், தூங்கவில்லை. 3.40 டூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்தார், பை கொடுத்தோம், உட்கார்ந்தார்" என்று ஒரு நாள் எழுதியிருந்தது. என் தந்தை அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிற்பகலானால் வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் தடுத்தால் கடுங்கோபம் வரும். மையத்தில் யாரும் தடுப்பதில்லை. தோல் பையையும் பழைய டிக்கெட் கட்டு ஒன்றையும் கையில் கொடுத்து, "கண்டக்டர் ஐயா, திருமங்கலம் ஒண்ணு குடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அவர் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வர, படபடப்பு அடங்கிவிடுகிறது. மறதி நோயாளியிடம் வாதாடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை இவ்வளவு அன்பாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

இனி நிறுவனத்தைப் பற்றி. கப்பலூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான இரண்டாம் ஷிப்ட் வாரத்தில், மாலை 6 மணிக்குத் தந்தையை அழைத்து வர வீட்டில் ஆளே இல்லை. தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி கடை அடைத்து வர இரவு 9 மணிக்கு மேலாகிவிடும். மையம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்த வாரத்தில் எங்களுக்கு அதனால் பயனில்லை. மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டபோது, என்னை நிரந்தரமாகப் பகல்நேர ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். மையத்தின் கட்டணத்தில் பாதியைத் தாங்களே நேரடியாகச் செலுத்தவும் ஒப்புக்கொண்டார்கள். பணம் பெரிய உதவிதான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்போம் என்று சொல்லியிருந்தால் யோசிக்காமல் ஷிப்டையே கேட்டிருப்பேன்.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்துக்குச் செலவே இல்லை. எங்கள் வேலையிடத்தில் கைபேசிக்கு அனுமதி கிடையாது. தந்தைக்குக் காய்ச்சல் கண்டோ, அவர் கீழே விழுந்தோ மையத்திலிருந்து அழைத்தால், லாக்கருக்குள் கிடக்கும் கைபேசி வேலை முடியும்வரை அடித்துக்கொண்டிருக்கும். இப்போது எங்கள் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு அலுவலகம்) எண்ணை மையத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தால் உடனே எனக்குச் சொல்லி கேட் பாஸ் போட்டுவிட வேண்டும், மேலாளரின் ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு இருக்கிறது. இந்த ஒரு ஏற்பாட்டால்தான் வேலை நேரத்தில் என் கவனம் வேலையில் இருக்கிறது.

எனினும் நிறுவனத்தின் இத்திட்டத்தில் எனக்கு ஏற்பில்லாதவை உண்டு. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பேக்கிங் பிரிவில் ஒப்பந்த முறையில் இருக்கும் பெண்களுக்குத்தான் வீட்டில் மாமியாரையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ பார்க்கும் சுமை அதிகம். அவர்களுக்கு ஒரு மணி நேர அனுமதிகூட ஊதியப் பிடித்தம் இல்லாமல் கிடைப்பதில்லை. மாதந்தோறும் மருத்துவச் சான்று கேட்பதும் தேவையற்றது. மறதி நோய் ஒரு மாதத்தில் குணமாகிப் போவதன்று. விடுப்புக் கேட்கும் ஆணிடம் "வீட்ல பொம்பளைக இல்லையா?" என்று கேட்கும் மேற்பார்வையாளர்களுக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் நமக்குப் போதுமான துணையாக இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு; ஆனால் ஊதியத்தில் 70 சதவீதம் தரும் நோய்க்காலப் பயன், தொழிலாளி தாமே நோயுற்றால்தான் கிடைக்கும். அதாவது தாய்க்குச் சிகிச்சை கிடைக்கும், அருகில் இருக்கும் மகனுக்கு அந்த நாள் ஊதியம் கிடைக்காது. கடைகளில் வேலை செய்வோருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு தருகிறது. அதை மணிக்கணக்கில் பிரித்துக் கொடுக்க எந்தக் கடையும் முன்வந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஜப்பானில் குடும்பத்தாரைப் பராமரிக்க ஓர் உறவினருக்கு 93 நாள் நீண்ட விடுப்பு இருப்பதோடு, ஆண்டுக்கு 5 நாள் தனி விடுப்பும் உண்டு; 2021 முதல் அதை மணிக்கணக்கிலும் எடுக்கலாம். நம் ஊர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது அந்த மணிக்கணக்கைத்தான். மறதி நோயோ டயாலிசிஸோ ஆண்டுக்கணக்கில் நீள்வதால், ஒரு மாத விடுப்பைவிட, செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகலாம் என்ற உறுதியே குடும்பத்தைக் காப்பாற்றும்.

மையத்தாரிடம் எனக்குள்ள குறைகள் இரண்டு. வேன் வசதி பைபாஸ் ரோடு, ஜெய்ஹிந்துபுரம் பகுதிகளோடு நின்றுவிடுகிறது. மாலை 6 மணி என்பது ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த மதுரைக்குச் சற்றும் பொருந்தாத நேரம். இதைக் கேட்டபோது, போதிய ஆட்கள் சேர்ந்தால் இரவு 8 மணி வரை நீட்டிக்கத் தயார் என்றும், அதற்கு ஒரு நிறுவனமாவது சில இடங்களுக்கு மாதாமாதம் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நியாயமான கோரிக்கை. மாசி வீதிகளின் பெரிய கடைகள் நான்கைந்து சேர்ந்தாலே அதற்குப் போதும்.

பெரியவர்களைச் சேர்க்க நினைப்பவர்கள் முதல் நாள் முழுவதும் உடன் இருக்கலாம். அந்த நாளுக்குக் கட்டணம் இல்லை. போகும்போது மருந்துச் சீட்டோடு உங்கள் ஷிப்ட் பட்டியலையும், வேலையிடத்தில் உங்களைக் கூப்பிட்டுத் தரக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கொண்டு போங்கள். சேர்க்கைப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அவற்றைத்தான் கேட்கிறார்கள்.